மெயாங் கடலின் சூடு

புயல் வராத ஊரில் புயலை நினைத்துப் பயந்துகொண்டிருந்தவள் ஜெபக்கனி ஒருத்திதான். தூத்துக்குடியில் மற்றவர்களுக்கு அந்தப் பயம் விட்டுப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. புயலுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்ட காலம் ஒன்று இருந்தது என்று சொன்னால், பிள்ளைகள் கதை விடாதீர்கள் என்று சிரிக்கிறார்கள். அலை தெறிக்கிற தூரத்தில் கண்ணாடிச் சுவர் வைத்து மாடி மேல் மாடியாகக் கட்டிவிட்டார்கள். உப்பளக்காரர்கள் ஐப்பசி பிறந்தும் உப்புக் குவியலுக்கு ஓலை மூடாமல் விட்டுவைக்கும் அளவுக்குத் துணிந்துபோனார்கள். பயமில்லாத மனிதர்களைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும், அவர்கள் படவேண்டிய பயத்தையும் சேர்த்து வேறு யாரோ படுகிறார்கள் என்று தெரியாத வரைக்கும்.

இத்தனை துணிச்சலுக்கும் காரணம் குளிர்மிதவைகள். ஒவ்வொன்றும் ஒரு விளையாட்டு மைதானம் அகலம். கரைக்கு அப்பால் கடலில் வரிசைகட்டி நிற்கும். புயல் என்பது கடலின் மேல்நீரில் இருக்கிற சூட்டைத் தின்று கொழுக்கிற பிராணி. மிதவைகள் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை உறிஞ்சி மேலே பரப்பிவிடும். தீனி கிடைக்காத புயல் இளைத்துப்போய், கரைக்கு வரும்போது வெறும் மழையாக வந்து நாலு குளத்தை நிரப்பிவிட்டுப் போகும். உலகத்தில் வேறு எந்த நாட்டிடமும் இது இல்லை. செய்கிற வித்தையை நாமும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. வல்லரசு என்று நம்மை நாமே அழைத்துக்கொண்டிருந்த காலம் போய், மற்றவர்களும் அப்படி அழைக்க ஆரம்பித்ததற்கு இந்த மிதவைகளும் ஒரு காரணம்.

ஜெபக்கனி கடல்காப்பு மையத்தில் மிதவைகளுக்குப் பொறுப்பாளர். நம் கடலெல்லைக்குள் அவள் சொன்ன இடத்தில் அவை நிற்கும், போ என்றால் போகும். எல்லை தாண்ட வேண்டுமென்றால் மட்டும் தலைநகரத்தின் அனுமதி வேண்டும். அதுவரை அந்த அனுமதியை யாரும் கேட்டதில்லை.

வங்கக்கடலின் கிழக்கு ஓரத்தில் மெயாங் என்று ஒரு சின்னத் தீவு நாடு. அங்கே வானிலை பார்க்கும் அலுவலகத்தில் நிலார் முத்தையா என்று ஒருத்தி இருந்தாள். ரப்பர் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்தவள். கோயில் பள்ளியில் வாரம் ஒரு நாள் படித்த தமிழ் ஆகையால் பாடப்புத்தகம் பேசுவது போலப் பேசுவாள். இரண்டு நாடுகளுக்கும் இடையே கடல்சூட்டு அளவுகளைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. தினமும் காலையில் அதற்கென்று இருந்த தொலைபேசித் தடத்தில் இருவரும் பேசுவார்கள். பேசுவதெல்லாம் இரண்டு அரசுகளிடமும் பதிவாகும். அதனால் முதலில் எண்களை மட்டும் சொல்லிக்கொண்டார்கள். பிறகு எண்களுக்கு நடுவே காய்ச்சல், மீன் விலை, பிள்ளையின் பரீட்சை எல்லாம் எட்டிப்பார்க்க ஆரம்பித்தன. ஜெபக்கனி "பாக்கேன்", "சொல்லுதேன்" என்பதைக் கேட்டு நிலார் சிரிப்பாள். தன் பாட்டன்மார் இப்படித்தான் பேசியிருப்பார்களா என்று கேட்பாள். நேரில் பார்த்ததில்லை என்றாலும் அக்கா தங்கை ஆகிவிட்டார்கள்.

ஒரு வருடம் அடித்த புயலில் நிலார் சில வாரங்கள் தடத்துக்கு வரவில்லை. திரும்பி வந்த காலை, எண்களைச் சொல்லி முடித்துவிட்டு, "என் தம்பியை இழந்துவிட்டோம், அக்கா" என்று செய்தி வாசிப்பது போலச் சொன்னாள். ஜெபக்கனி எண்களைக் குறித்துக்கொண்டாள், ஆறுதல் சொல்லவில்லை. ஏனென்றால் அவளுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னால் அது பச்சைப் பாசாங்காக இருக்கும்.

சந்தேகத்தை அவள் மையத்தின் இயக்குநர் ஆவுடையப்பனிடம் கொண்டுபோனாள். ஓய்வு பெறும் வயதில் இருந்த மனிதர். பதவி ஓய்வு வரைக்கும் எந்தப் பானையையும் உடைக்காமல் நடந்துபோய்விட வேண்டும் என்பதே அவருடைய வேண்டுதல். அவள் சொன்னது இதுதான்: நாம் மேலே குளிர்நீரைப் பரப்பும்போது, அங்கிருந்த சூடான நீர் மாயமாகிவிடுவதில்லை. கீழே அமுங்கி, நீரோட்டத்தோடு கிழக்கே போகிறது. போய் மெயாங்குக்குப் பக்கத்தில் மேலே வருகிறது. நம் புயல்கள் இளைக்க இளைக்க அவர்கள் புயல்கள் கொழுக்கின்றன.

ஆவுடையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம வீட்டு வாசலப் பெருக்குதோம். குப்பை எங்க போவுதுன்னு பாக்கமா? பக்கத்து வீட்டு வாசல்லதான் கெடக்கு. இது எனக்குத் தெரியாதுன்னா நெனைக்க? தெரியும்மா. எழுத்துல மட்டும் வச்சிராத."

அவள் எழுத்தில் வைக்கவில்லை. நாளைக்கு, அடுத்த மாதம், அடுத்த கூட்டத்தில் என்று தள்ளிப்போட்டாள். அந்தத் தள்ளிப்போடுதல் நெஞ்சுக்குள் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வருடம் ஐப்பசியில் மெயாங்குக்கு வடமேற்கே ஒரு புயல் பிறந்தது. பிறந்த அன்றே அதன் போக்கு சரியில்லை. அதற்குக் கீழே கடல் கொதிநீர் அண்டா மாதிரிக் கிடந்தது. அது போகிற வழியில் இருந்தது மெயாங்கின் தாழ்வான தீவுகள். அவற்றில் மேடு என்று சொல்ல ஒரு கோயிலும் ஒரு பள்ளிக்கூடமும்தான் உண்டு. நிலாரின் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். மிதவைகள் உடனே கிளம்பினால் புயலுக்கு முன்னே போய் நிற்கலாம். மறுநாள் வரை யோசித்தால் போய்ப் பயனில்லை.

ஜெபக்கனி தலைநகரத்துக்குப் பேசினாள். வெளியுறவுத் துறையில் இதற்கென்று கீர்த்திவாசன் என்ற அதிகாரி இருந்தார். கத்துகிற ஆள் இல்லை, கெட்டவரும் இல்லை. அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு விதியைச் சொன்னார். அந்த நாட்டின் தலைவர் வாய் திறந்து நம்மிடம் உதவி கேட்க வேண்டும். கேட்டால் அன்றைக்கே மிதவைகள் போகும். கேட்காமல் போக முடியாது.

"அவங்களுக்கு இப்படி ஆவுறதுக்கு நாமதானே சார் காரணம். கேட்டாத்தான் செய்வோம்னு சொல்லலாமா?" என்றாள் ஜெபக்கனி.

"அந்தப் பேச்சே வேண்டாம், மேடம்" என்றார் கீர்த்திவாசன், குரலை உயர்த்தாமல். "நம்ம கரை மூழ்கினப்ப எந்த நாடு வந்தது? நம்ம ஜனங்க வயித்தைக் கட்டி வரி கொடுத்துக் கட்டின மிதவை இது. ஒருத்தருக்குச் செய்யக் கடமைப்பட்டிருக்கோம்னு ஒரு தடவை ஒத்துக்கிட்டா, நாளைக்கு உலகமே வாசல்ல வந்து நிக்கும். அப்புறம் உங்க ஊர்க் கரையை யார் பார்ப்பாங்க? நமக்குக் கடமைன்னு ஒண்ணும் கிடையாது. மனசு இருக்கு. கேட்டா செய்வோம்."

அவர் பேச்சில் நியாயமே இல்லை என்று அவளால் தள்ளிவிட முடியவில்லை. நம் கரை மூழ்கிய கதையை அவளும் கேட்டு வளர்ந்தவள்தான். போதாததற்குக் குமரிக்குத் தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வும் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. அது கலைந்தும் போகலாம், வளர்ந்து தூத்துக்குடிப் பக்கம் திரும்பவும் செய்யலாம். மிதவைகளை அங்கே அனுப்பினால் இங்கே கரை வெறுமையாக நிற்கும்.

அவள் நிலாரை அழைத்தாள். அது எண்கள் சொல்லும் நேரம் இல்லை. ஆனாலும் நிலார் உடனே வந்தாள், பக்கத்திலேயே காத்திருந்தது போல. பின்னால் ஆட்கள் சாமான்களைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போகும் சத்தம் கேட்டது.

"நிலாரு, ஒங்க தலைவர்ட்ட சொல்லு. ஒரே ஒரு வார்த்த கேக்கச் சொல்லு. மிதவை தயாரா நிக்கு. கேட்ட நிமிசம் அனுப்பிருதேன்."

நிலார் அந்தச் சத்தத்திலிருந்து தள்ளி வந்தாள்.

"கேட்க மாட்டோம், அக்கா" என்றாள் நிலார்.

ஏன் என்று ஜெபக்கனி திரும்பத் திரும்பக் கேட்டாள். கெஞ்சிப் பார்த்தாள், கோபித்தும் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட மேடுகூட இல்லாத ஊரில் உங்களுக்கு என்ன வீம்பு என்றுகூடக் கேட்டுவிட்டாள். நிலார் எதற்கும் பதில் சொல்லவில்லை. இந்தத் தடம் பதிவாகிறது என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். அதை ஜெபக்கனி கவனிக்கவில்லை. பதற்றத்தில் இருப்பவர்களுக்குத் தங்கள் கேள்விதான் கேட்கும், எதிராளியின் பதில் கேட்காது. தடம் துண்டிக்கப்பட்டது.

மேசையில் வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. ஜெபக்கனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெயாங்கின் அந்த மௌனம் அவளுக்குத் தெரிந்த ஒன்றை நினைவூட்டியது. அவள் ஊரில் கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் யாரும் போக மாட்டார்கள். ஆனால் துட்டி வீட்டுக்கு, சாவு விழுந்த வீட்டுக்கு, அழைப்பு வரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. காதில் விழுந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். சண்டைபோட்டுப் பேசாமல் இருப்பவனும் போக வேண்டும். அந்த வீட்டுக்காரர்கள் வா என்று சொல்ல மாட்டார்கள், வந்ததற்கு நன்றியும் சொல்ல மாட்டார்கள். அங்கே அதுதான் மரியாதை. மெயாங்கும் அப்படித்தான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. பட்ட பிறகு வேறெதுவும் யோசிக்கத் தோன்றவில்லை.

எழுந்து ஆவுடையப்பனின் அறைக்குப் போனாள். மிதவைகளை எல்லை தாண்டி அனுப்பப் போவதாகச் சொன்னாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எங்கிட்ட கேக்கியா, சொல்லுதியா?"

"சொல்லுதேன், சார்."

"அப்ப சரி. கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அவள் போய் ஆணையைக் கொடுத்தாள். கடலில் நின்ற வரிசை மெல்லக் கலைந்து கிழக்கே முகம் திருப்பியது.

அதன்பின் வந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இடது திரையில் மெயாங் புயல், வலது திரையில் குமரித் தாழ்வு. இதைப் பார்க்கும்போது அது வளர்ந்துவிடுமோ என்று பயம். அதைப் பார்க்கும்போது இது முந்திவிடுமோ என்று பயம். கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் தலைநகரம்தான் என்று ஓடிப்போய் எடுத்தாள். ஆனால் அங்கிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. வேலைநீக்கம் இல்லை, விசாரணை இல்லை, ஏன் என்றுகூட யாரும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பெரிய இடத்து மௌனம் எதற்கோ விலை போட்டுக்கொண்டிருக்கும் என்று ஆவுடையப்பன் முனகினார். அவருக்கு அதில் அனுபவம் உண்டு.

மிதவைகள் மெயாங்குக்கு முன்னால் போய் நின்று குளிர்நீரைக் கொட்டின. புயல் வந்தது, மோப்பம் பிடித்தது, இளைத்தது. கரையேறும்போது அதற்குக் கூரையைப் பிடுங்கவும் தெம்பில்லை. நிலார் தடத்துக்கு வந்து எண்களைச் சொன்னாள். பிறகு, "காற்று தணிந்துவிட்டது, அக்கா. எல்லோரும் இருக்கிறோம்" என்றாள். குரலில் அழுகை இருந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று ஜெபக்கனி நினைத்துக்கொண்டாள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வலது திரை அந்தச் சந்தோஷத்தை நீடிக்க விடவில்லை. குமரித் தாழ்வு புயலாகித் தூத்துக்குடிப் பக்கம் திரும்பிவிட்டது. முன்கூட்டியே சொல்லி ஆட்களை வெளியேற்றியதால் உயிர் எதுவும் போகவில்லை. கண்ணாடி மாளிகைகள் நொறுங்கின. உப்பளங்களில் ஓலை மூடாமல் கிடந்த அந்த வருடத்து உப்பு முழுவதும் கரைந்து, எங்கிருந்து வந்ததோ அந்தக் கடலுக்கே போய்விட்டது.

அவற்றில் ஒன்று அவளுடைய அண்ணன் ஞானதுரையின் உப்பளம். அவள் பார்க்கப் போனபோது, முழங்கால் சேற்றில் நின்று உடைந்த வரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அளத்தில் வேலை செய்யும் பெண்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். இனி தை மாசிக்குப் பிறகுதான் அவர்களுக்குக் கூலி.

"ஊரான் வீட்டுக்குக் குடை பிடிச்சிட்டு வந்துட்ட. இங்க நாங்க நனைஞ்சு நிக்கோம். நல்லா இருடி" என்றான் ஞானதுரை. அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வரப்பிலேயே நின்றாள். அந்தப் பெண்களில் ஒருத்தி நகர்ந்து அவளுக்கு உட்கார இடம் விட்டாள். அது அண்ணன் திட்டியதைவிட அதிகமாக வலித்தது.

அடுத்த வாரம் கீர்த்திவாசன் நேரில் வந்தார். கையில் பொன்னாடை. மையத்து ஊழியர்கள் முன்னிலையில் அதை ஜெபக்கனிக்குப் போர்த்தினார், கைதட்டச் சொன்னார். அவள் பலியாட்டைப் போல விழித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்ததும் அறைக்கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

பன்னாட்டுக் கடல் நீதிமன்றத்தில் மெயாங் நம் மீது ஒரு வழக்குத் தொடுத்திருந்தது. எங்கள் கடலுக்கு வருவது உங்கள் சூடு, ஆகவே மிதவைகளில் எங்களுக்குப் பங்கு உண்டு, செய்கிற வித்தையையும் தர வேண்டும், இது தயவு அல்ல உரிமை என்பது அவர்கள் வாதம். நமக்குக் கடமை எதுவும் இல்லை, கேட்பவர்களுக்கு நல்ல அண்டைவீட்டாராக உதவத் தயார் என்பது நம் வாதம். வழக்கு வந்து பல மாதம் ஆகிறது. மையத்துக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"அவங்க உதவின்னு கேட்கட்டும்னு காத்திருந்தோம். கேட்டிருந்தா வழக்கு அங்கேயே முடிஞ்சிருக்கும். கேட்கலை, பிடிவாதக்காரங்க" என்றார் கீர்த்திவாசன். "நீங்க அதைவிடப் பெரிசா ஒண்ணு செஞ்சு கொடுத்துட்டீங்க, மேடம். கேட்காமலே போனோம். நம்ம கரையை நனையவிட்டுப் போனோம். அவங்களும் வேண்டாம்னு சொல்லாம வாங்கிக்கிட்டாங்க. இதுக்குப் பேரு உதவி இல்லாம வேற என்ன? நீங்கதான் நம்ம முக்கிய சாட்சி. பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். உதவி செய்யப் போனேன், அது போதும்."

உப்பளக்காரர்களுக்கு நிவாரணமும் தயாராக இருந்தது. அயல்நாட்டுக்கு உதவியதால் நட்டப்பட்ட மக்கள் என்ற தலைப்பில் கொடுக்கப்போகிறார்கள். தீர்ப்புக்குப் பிறகு அறிவிப்பு வரும். தீர்ப்பு மாறினால் தலைப்பும் இருக்காது. இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. நடைமுறையைச் சொன்னார்.

அவர் போனதும் ஜெபக்கனி மெயாங்கை அழைத்தாள். பதிவாகிறது என்ற நினைப்பு இருந்தது. இனி அதைப் பற்றி என்ன என்றும் இருந்தது.

"எனக்குத் தெரியாது நிலாரு. வழக்குன்னு ஒண்ணு இருக்குன்னே தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும், அக்கா" என்றாள் நிலார். "அன்று சொல்ல முடியவில்லை. நாங்கள் கூடிப் பேசித்தான் முடிவெடுத்தோம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். ஒரு புயலுக்காக உதவி என்று கேட்டுவிட்டால், இனி வருகிற ஒவ்வொரு புயலுக்கும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளும் கேட்க வேண்டும். நீங்கள் தருகிற வருடம் இருப்போம், தராத வருடம் இருக்க மாட்டோம். அதனால் இந்த ஒன்றைத் தாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம்."

"செத்துப் போயிருப்பீய."

"சிலர் இறந்திருப்போம். நானும் கை தூக்கினேன்." அவள் நிறுத்தினாள். "உங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. என் பிள்ளை உயிரோடு இருக்கிறான், எப்படிக் கோபம் வரும்? ஆனால் எல்லோரும் அன்று அழுதார்கள், அக்கா. பிழைத்ததற்கு மட்டும் அழவில்லை."

தடம் மூடிய பிறகு ஜெபக்கனிக்குத் தன் தவறு முழுதாக விளங்கியது. துட்டி வீடு என்று நினைத்துப் போய்விட்டாள். அது வழக்காடுகிற வீடு. அவள் ஊரிலேயே இதுவும் உண்டு. பாகப்பிரிவினை தீராத வீட்டில் பங்காளி கை நனைக்க மாட்டான். பசித்தாலும் ஒரு வாய் சாப்பிட மாட்டான். சாப்பிட்டால் கோபம் தீர்ந்தது, கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும். மெயாங்குக்காரர்கள் கை நனைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இவள் போய் வாயில் ஊட்டிவிட்டு வந்திருக்கிறாள். ஊட்டியதால் உயிர் இருக்கிறது, உரிமை போகப்போகிறது. நல்லது செய்தோம் என்று ஒருநாள்கூட அவளால் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை.

சாட்சி சொல்லக் கிளம்புவதற்கு முன்தினம் ஞானதுரையைப் பார்க்கப் போனாள். நிவாரணச் செய்தி அவனுக்கு எட்டியிருந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. அண்ணி காப்பி கொடுத்தாள். அவன் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள், தான் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை என்பதையும் சேர்த்து.

"நீ உதவின்னு சொன்னா எங்களுக்கு நிவாரணம் வரும்" என்றான் ஞானதுரை. "வேற மாதிரி சொன்னா வராது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அளத்துப் பொம்பளையள்ட்ட நான் என்னத்தச் சொல்ல?"

அவள் காப்பி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள். அவனும் இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று வாய் திறக்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை கூட வரும் வழக்கம் உள்ளவன், அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

நீதிமன்றம் வேறொரு கண்டத்தில், குளிர்ந்த ஊரில் இருந்தது. உயரமான கூடம். நீதிபதிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வலப்பக்கம் நம் வழக்கறிஞர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு நடுவே கீர்த்திவாசன். இடப்பக்கம் மெயாங்குக்காரர்கள் கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். அவர்களில் யார் நிலார் என்று ஜெபக்கனிக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒல்லியாக, நினைத்ததைவிட வயது குறைந்தவளாக, இரவல் கோட்டு போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை. நிமிர்ந்தால் அக்கா என்று வாயில் வந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ.

ஜெபக்கனி தமிழிலேயே சொல்லலாம் என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் நின்றார்.

நம் வழக்கறிஞர் எழுந்தார். மிதவைகள் போனது, தீவு பிழைத்தது, நம் கரை நனைந்தது எல்லாவற்றையும் அழகாக அடுக்கினார். கேட்டுக்கொண்டிருந்த அவளுக்கே அவர் வருணித்த அந்தப் பெண்மணியை ஒருமுறை பார்க்க வேண்டும் போல இருந்தது. பிறகு கேள்விக்கு வந்தார். மெயாங் அரசு உங்களிடம் கேட்டதா? இல்லை என்றாள். போக வேண்டும் என்று உங்கள் நாடு கட்டளையிட்டதா? இல்லை. உங்கள் சொந்தக் கரைக்கு ஆபத்து இருந்தது தெரியுமா? தெரியும். அப்படியென்றால் அந்த மக்களுக்கு உதவி செய்வதற்காகவே போனீர்கள், சரிதானே?

வெறும் தலையாட்டலுக்குள் முடிந்துவிடுகிற கேள்வி அது. ஆட்டினால் பொன்னாடை, பதவி, உப்பளத்துப் பெண்களுக்குக் கூலி. ஆட்டாவிட்டால் திரும்பிப்போய் அண்ணன் முகத்தில் விழிக்க வேண்டும். ஆவுடையப்பனின் ஓய்வூதியத்தில் யாராவது கைவைக்கலாம். வேலை போவது நிச்சயம். சாட்சிக்கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லைங்க" என்றாள்.

வழக்கறிஞர் சிரித்தபடியே, கேள்வி சரியாகப் புரியவில்லை போலும் என்றார். புரிந்தது என்றாள். கீர்த்திவாசன் பேனாவை மூடிவைத்தார். மெயாங்கின் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. நடுவில் இருந்த நீதிபதி முன்னால் சாய்ந்து, உதவிக்கு இல்லையென்றால் பிறகு எதற்காகப் போனீர்கள் என்று கேட்டார்.

"அந்தக் கடல்ல கெடக்க சூடு எங்களுதுங்க. நாங்க தள்ளிவிட்டது. எங்க பொருளத்தான் எடுக்கப் போனேன். அந்த வருசம் வரைக்கும் எடுக்காம இருந்ததுக்கு என்கிட்ட பதில் இல்ல."

மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தார். நம் பக்கத்து வழக்கறிஞர்களை ஒருமுறை பார்த்தார், நீதிபதியைப் பார்த்தார். பிறகு அவள் சொன்னதை, சொன்ன மாதிரியே, நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார்.